அப்பத்தா பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாய்: எது வெறும் வெள்ளி, எது அதற்கு மேல்?

காரைக்குடிப் பக்கத்து வீட்டில் அப்பத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சு கிடைத்தது, அதில் நாற்பதுக்குக் குறையாத வெள்ளிக் காசுகள் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ராணி, ராஜா தலை போட்ட ரூபாய்கள். சிலவற்றில் பாரசீக எழுத்து மட்டும். இரண்டு பெரிய வெள்ளி டாலர் காசுகள். நகைக்கடைக்காரர் மொத்தத்தையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். யூடியூபில் ஒருவர் இதே மாதிரி ஒரு காசைக் காட்டி லட்சக்கணக்கில் போகும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

நகைக்கடைக்காரர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம். இப்படிக் கிடைக்கும் காசுகளில் பத்துக்கு எட்டு ஒன்பது வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். ஆனால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டை அவர் தேடிப் பார்க்கப் போவதில்லை, அது அவர் வேலையும் இல்லை. அந்த ஒன்றிரண்டை நீங்கள் பிரித்து எடுத்துவிட்டால் போதும். மீதியை எடைக்குக் கொடுத்தாலும் நட்டமில்லை, வைத்திருந்தாலும் நட்டமில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. காசுகளைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற விபூதி, புளி, சபீனா, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கு மேல் படிந்திருக்கும் அந்தக் கருப்பும் சாம்பலும் காசின் வயதுச் சான்று. சேகரிப்பாளர் முதலில் பார்ப்பதே அதைத்தான். தேய்த்த காசு கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். அதோடு அந்தக் காசின் சேகரிப்பு மதிப்பு பாதிக்கும் கீழே விழுந்துவிடும், திரும்ப ஏறாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்து, காயவிடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி பிரிக்கலாம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், 0.01 கிராம் வரை காட்டுவது. பெரிய விலை இல்லை. கூடவே ஒரு உருப்பெருக்கி, ஒரு காந்தம்.

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1939ஆம் ஆண்டுக் காசு வரை இந்த எடையும் மாறவில்லை, இந்த மாற்றும், அதாவது வெள்ளிப் பங்கும், மாறவில்லை. ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா (பழைய எடை அளவு) என்பதால்தான் நாட்டு வைத்தியர்கள் மருந்துச் சரக்கை ‘ஒரு ரூபாய் எடை’ என்று நிறுத்தார்கள். தராசில் படிக்கல்லுக்குப் பதில் காசையே போட்டார்கள். ஆக ஒரு ரூபாயில் உள்ள சுத்த வெள்ளி 10.69 கிராம். அரை ரூபாயில் அதில் பாதி, கால் ரூபாயில் கால். இரண்டணாவும் 1917 வரை வெள்ளிதான்.

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வேறு கதை. உலகப் போர் நேரம், வெள்ளித் தட்டுப்பாடு. எடையை அப்படியே வைத்துக்கொண்டு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்: 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். ஆக ஒரு காசில் 5.83 கிராம் வெள்ளிதான். கள்ளக் காசைத் தடுக்க விளிம்பிலும் மாற்றம் செய்தார்கள். பல்வரிகளுக்கு நடுவே காசைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். விரல் நகத்தாலேயே உணரலாம். புழங்கிய காசுகள் லேசாக மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். இவற்றைத் தனிக் குவியலாகப் போடுங்கள். ‘பழைய வெள்ளி ரூபாய்’ என்று விற்கிறவர்கள் இந்த இரண்டு வகையையும் கலந்து ஒரே விலை சொல்வது வழக்கம். வாங்குகிறவர் தெரிந்தவராக இருந்தால் எல்லாவற்றுக்கும் தாழ்ந்த விலையைப் போடுவார்.

1947ஆம் ஆண்டு போட்ட, பின்பக்கம் புலி நடந்துபோகும் ரூபாய் உங்களிடம் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டும். அது சுத்த நிக்கல், வெள்ளி துளியும் இல்லை. அழகான காசு, சுதந்திரம் வந்த ஆண்டு என்பதால் மனசுக்குப் பிடிக்கும், ஆனால் விலை சொற்பம். வெள்ளி ரூபாயின் கடைசி ஆண்டு 1945.

கணக்கு எப்படிப் போடுவது? கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1939 வரையிலான ரூபாயில் இருக்கும் வெள்ளி 1,069 ரூபாய் பெறும், 1940–45 காசில் 583. அன்றன்றைய விலையை இதே பெருக்கலில் போட்டுப் பாருங்கள். கடையில் பழைய வெள்ளிக்கு இதில் ஒரு பங்கு கழித்துத்தான் கொடுப்பார்கள். உருக்குச் செலவு, தேய்மானம், அவர் லாபம் எல்லாம் அதில் அடக்கம். பத்து விழுக்காடு கழித்தால் பேசலாம். முப்பது கழித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். சில கடைகளில் எல்லா ராஜா தலைக் காசையும் ‘பாதி வெள்ளிதான்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். அது 1940 முதல் வந்தவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இது அடிமட்ட விலை. இதற்கு மேல் ஒரு காசு போகுமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: ஆண்டு, எந்த அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலையில்) அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது. பழமைக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. இதைத்தான் பலரும் நம்ப மறுப்பார்கள். 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு நூறாண்டு கழித்து வந்த 1939 ரூபாய் கைக்கு அகப்படுவதே அரிது.

அதிலும் காசில் போட்டிருக்கும் ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. 1835 என்று போட்ட நான்காம் வில்லியம் காசுகளை 1840 வரை அடித்தார்கள். 1840 என்று போட்ட கம்பெனி விக்டோரியாவை 1861 வரை விடாமல் அடித்தார்கள். கம்பெனி போய் அரசியின் நேர் ஆட்சி வந்த பிறகு 1862 என்று போட்டு 1874 வரை ஓட்டினார்கள். பம்பாய் அக்கசாலை மட்டும் இந்த 1862 காசுகளில் ஆண்டுக்கு மேலும் கீழுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்து உண்மையான ஆண்டைக் குறித்து வைத்தது. வெறுங்கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரியும் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரே தோற்றமுள்ள இரண்டு காசுகளின் விலை பல மடங்கு வேறுபடும். உங்களிடம் 1862 காசுகள் இருந்தால் உருப்பெருக்கியை வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். தேய்த்த காசில் புள்ளியும் போயிருக்கும். தேய்க்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு தலையாக வருகிறேன்.

நான்காம் வில்லியம், 1835. கிரீடம் இல்லாத தலை. பெயருக்குப் பின் நான்கு என்பதை நான்கு நேர்கோடுகளாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு, சுற்றிக் கம்பெனியின் பெயர். கழுத்து வெட்டுப் பகுதியில் ‘எஃப்’ அல்லது ‘ஆர் எஸ்’ என்ற குட்டி எழுத்துகள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி விலையைவிடக் கூடுதலாகவே போகும்.

விக்டோரியா 1840 இரண்டு வகை. ஒன்றில் பெயரும் பட்டமும் தலைக்கு மேல் தொடர்ச்சியாக வளைந்து வரும். மற்றதில் பெயர் ஒரு பக்கம், பட்டம் மறுபக்கம் எனப் பிரிந்து நிற்கும். பிரிந்து நிற்பது மிகச் சாதாரணம். தொடர்ச்சியாக வருவது சற்றுக் குறைவு. பின்பக்க இலை வளையத்தில் இருக்கும் சின்னப் பழங்களை எண்ணி வகை பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஆட்களில் சிலருக்கு அது ஒரு போதை. உங்களுக்கு அது தேவையில்லை. விற்கும்போது வாங்குகிறவர் பழங்களை எண்ண ஆரம்பித்தால் மட்டும் உஷாராகிக்கொள்ளுங்கள். அவர் எதையோ கண்டுவிட்டார் என்று அர்த்தம்.

1862 காசு முதல் விக்டோரியாவுக்குக் கிரீடம் வந்துவிடும். 1877 முதல் பட்டம் அரசியிலிருந்து பேரரசியாக மாறும். 1893இல் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது: அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனதால் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதன் விளைவாக அடுத்த சில ஆண்டுகள் ரூபாய் அடிப்பதே அருகிப்போனது. 1890களின் பிற்பகுதி ஆண்டுகள், குறிப்பாக 1897, கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். 1900, 1901 மீண்டும் ஏராளம்.

ஏழாம் எட்வர்டு, 1903 முதல் 1910. மொட்டைத் தலை, அதாவது கிரீடம் இல்லை. பின்பக்கம் மேலே கிரீடம், இரு பக்கமும் தாமரைத் தண்டு. எனக்குப் பிடித்த வடிவம் இதுதான், ஆனால் பிடித்தம் வேறு விலை வேறு. பெரும்பாலும் வெள்ளிக்குச் சற்று மேல்தான் நிற்கும்.

ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் 1911ஐத் தேடுங்கள். அரசரின் மார்பில் தொங்கும் ஆரத்தில் ஒரு யானை இருக்கும். அந்த முதல் அச்சில் தும்பிக்கை குட்டையாக அமைந்து யானை பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு எழுந்ததும் வெளியிட்டதை நிறுத்தி, கையிருப்பில் இருந்தவற்றை உருக்கி, 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அடித்த 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. ‘பன்றி ரூபாய்’ என்று சந்தையில் சொல்வது இதைத்தான். யானையின் தும்பிக்கையை ஆராய வேண்டியதில்லை, ஆண்டு 1911 என்றிருந்தால் போதும். நடுத்தரமான தேய்மானம் உள்ளதற்கும் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும். அதே ஆண்டின் அரை ரூபாய், கால் ரூபாய்களையும் விடாதீர்கள்.

அதற்கு நேர் எதிர் 1917 முதல் 1920 வரையிலான ரூபாய்கள். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து சரக்கும் ஆட்களும் போனதற்கு ரூபாயாகக் கொடுக்க வேண்டியிருந்தது, வெள்ளி போதவில்லை. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கி ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளியைப் பிரிட்டனுக்கு விற்றது. அது கப்பலேறி வந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் ரூபாயாக மாறியது. உங்கள் முடிச்சில் அதிகம் இருக்கப்போவது இந்த ஆண்டுகள்தான். கதை பெரிது, காசு மலிவு. ஆனால் 1921, 1922 பம்பாய்க் காசுகள் குறைவாக அடிக்கப்பட்டவை, ஒதுக்கி வைக்க வேண்டியவை.

பம்பாய், கல்கத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கத்தின் அடிப்பகுதி அலங்காரத்தில், பூவின் மேலோ ஆண்டின் பக்கத்திலோ ஒரு சின்னக் குறி தேடுங்கள். ‘பி’ எழுத்தோ சிறு புள்ளியோ இருந்தால் பம்பாய். ‘சி’ இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் கல்கத்தா. 1940களில் லாகூரிலும் ஒரு அக்கசாலை இயங்கியது, அதன் காசுகளில் ‘எல்’ இருக்கும்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூடியூப்காரர் காட்டிய காசு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அது உண்மையாகவே அரிது, உண்மையாகவே பெரிய விலைக்குப் போகிறது. அதனாலேயே போலியும் அதிகம். 1938 காசின் கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்கியவை, அச்சே புதிதாகச் செய்தவை என்று பலவிதம். ஆகவே உங்கள் முடிச்சில் 1939 ரூபாய் இருந்தால் குதிக்காதீர்கள். உள்ளூர்க் கடையில் காட்டி விலை பேசவும் வேண்டாம். நேராகப் பெரிய ஏல நிறுவனத்துக்கோ சான்றளிக்கும் நிறுவனத்துக்கோ போக வேண்டிய காசு அது. ஒன்று கவனம்: 1939 அரை ரூபாய், கால் ரூபாய்களுக்கு இந்த அருமை கிடையாது.

பாரசீக எழுத்து மட்டும் உள்ள காசுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிடைத்தது என்பதால் ஆற்காடு ரூபாயாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்தான் ஆற்காடு. கம்பெனி இதைச் சென்னை அக்கசாலையில் அடித்தது, முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரில், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற தேதியை உறையவைத்து. அந்த அரசர் 1759இல் கொல்லப்பட்டார், அவர் பெயரிலான காசு 1835 வரை அடிக்கப்பட்டது. தாமரை மொக்குக் குறி இருந்தால் சென்னை. பிறைக் குறி இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தது. மேலே சின்னச் சின்ன உளிக் குத்துகள் இருந்தால் பயப்படாதீர்கள். காசு சோதிக்கும் சராப்புகள் நல்ல வெள்ளி என்று ஒப்புக்கொண்டு போட்ட முத்திரை அது. விலை சற்றுக் குறையும், ஆனால் அசல் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. இந்த வகையில் சாதாரணமானவை வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே போகும். பிறைக் குறி உள்ளதற்கு ஆர்வலர்கள் கூடுதலாகத் தருவார்கள்.

முடிச்சில் கோபுரம் பொறித்த கனமான வெள்ளிக் காசு ஏதாவது இருக்கிறதா? ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். 1807ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் அடித்த அரை வராகன், கால் வராகன் அவை. இருந்தால் உங்கள் சொத்திலேயே சிறந்த காசு அதுவாகத்தான் இருக்கும்.

நாகர்கோவில் பக்கத்து உறவு உள்ள வீடுகளில் சங்கு போட்ட திருவிதாங்கூர் அரை ரூபாய் வரும், நல்ல வெள்ளி. ஹைதராபாத் ரூபாயில் சார்மினார் இருக்கும், எடை 11.18 கிராம், வெள்ளி 82 விழுக்காட்டை ஒட்டி. யாழ்ப்பாண உறவினர் வழியாக வந்ததும் இந்திய ரூபாயாகவே இருக்கும். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபாய் அடிக்கவில்லை, 50 சதம், 25 சதம், 10 சதம்தான் அங்கே தனி. புதுக்கோட்டை அம்மன் காசு செம்பு, இந்தக் கணக்கில் வராது, பத்திரமாக அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

உங்கள் இரண்டு டாலர்கள். செட்டிநாட்டுப் பெட்டியில் டாலர் இருப்பதில் வியப்பில்லை, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல் வாங்கல் இருந்த ஊர். ஒரு பெண் கையில் திரிசூலம் போன்ற வேலும் கேடயமுமாக நின்றால் அது பிரிட்டிஷ் வணிக டாலர், 1895 முதல் 1935 வரை, பெரும்பகுதி பம்பாயில் அடித்தது. மறுபக்கம் சீன எழுத்தும் மலாய் மொழியின் ஜாவி எழுத்தும் இருக்கும். எடை 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி, அதாவது 24.26 கிராம் சுத்த வெள்ளி. எட்வர்டு அல்லது ஜார்ஜ் தலை இருந்தால் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் பகுதி) டாலர். இதில் ஆண்டைப் பார்த்தே ஆக வேண்டும். 1903–04 காசுகள் அதே 26.95 கிராம். 1907 முதல் 20.2 கிராமாகக் குறைத்தார்கள், மாற்று அதே 90. 1919–20 காசுகள் 16.85 கிராம், அதில் வெள்ளி பாதிதான். தலை ஒன்று போலத் தெரிந்தாலும் வெள்ளி மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. வணிக டாலருக்கு ஆசியா முழுக்கப் போலிகள் உலவுகின்றன. பெட்டியில் ஐம்பது வருடமாகக் கிடந்தது என்பதே அசல் என்பதற்குச் சான்றாகாது. போலிகளுக்கும் அவ்வளவு வயது உண்டு.

அசலா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை. செம்பும் ஈயமும் பித்தளையும்கூட ஒட்டாது. எடை 11.66இல் இருந்து தேய்ந்து 11.4 வரை வருவது சகஜம். 11க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். விளிம்பைப் பாருங்கள். வார்ப்புக் காசில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, அதை அரம் போட்டு மறைத்த தடமோ இருக்கும். முகத்தில் ஊசி முனைக் குழிகள் தெரியும், எழுத்துகள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும். சுண்டிப் பார்க்கிற பழைய பழக்கமும் மோசமில்லை, நல்ல வெள்ளி நீண்டு ஒலிக்கும். ஆனால் கடினத் தரையில் போட்டு ஒலி கேட்க வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

நான் அதிகம் நம்புவது தண்ணீர்ச் சோதனையை. தராசின் மேல் பாதித் தண்ணீருடன் ஒரு சிறு டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுதும் மூழ்கும்படித் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தக் காசின் கன அளவு. 11.66 கிராம் உள்ள பழைய ரூபாய் 1.13ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 1940–45 காசு 1.22 காட்டும். செம்பு-நிக்கல் போலி 1.31, பித்தளை 1.37 பக்கம் போகும். தேய்ந்த காசுக்கு அதன் எடையை இந்தக் கன அளவால் வகுத்துப் பாருங்கள், பழைய ரூபாய்க்கு 10.3 வர வேண்டும். உரைகல்லில் உரசிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். உரசிய இடம் நிரந்தரம்.

காசுமாலையாகவோ தாலிக் கொடியிலோ கோத்த காசுகள் இருந்தால் மேலே வளையம் ஒட்டிய தடம் தெரியும், அல்லது துளை இருக்கும். துளையை அடைத்து மெருகிட்டதும் உண்டு. இவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய இல்லை, வெள்ளிதான். 1911 ஆக இருந்தாலும் துளை போட்டது துளை போட்டதுதான்.

தேய்மானம் பார்ப்பதற்குக் காசின் மிக உயர்ந்த மேடுகளைக் கவனியுங்கள். விக்டோரியாவுக்குக் காதை ஒட்டிய தலைமுடி, எட்வர்டுக்குக் காதும் புருவத்துக்கு மேல் முடியும், ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடத்தின் மணிகளும் அந்த யானையும். முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல நிலை. மொத்தமாக வழுவழுப்பாகிவிட்டால் வெள்ளி விலை. சாதாரண ஆண்டுக் காசும் கைபடாத பளபளப்போடு, அதாவது தேய்த்த பளபளப்பு அல்ல, அக்கசாலையிலிருந்து வந்த ஒளி சுழலும் பளபளப்போடு இருந்தால் நல்ல விலை பெறும். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம் போலச் சுழன்றால் அதுதான்.

விற்பனை விலை அறிய யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பத்து லட்சம் என்று போடலாம். ஏலத்தில் உண்மையாகப் போன விலையைப் பாருங்கள். மும்பை, பெங்களூருவில் இருக்கும் நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே அக்கசாலை, அதே நிலை மூன்றும் பொருந்த வேண்டும். அதிலும் வாங்குகிறவர் செலுத்தும் கமிஷன் சேர்ந்திருக்கும், விற்கிறவரிடமும் கழிப்பார்கள். வியாபாரி உங்களிடம் அதில் அறுபது, எழுபது விழுக்காடு தந்தால் ஏமாற்றுகிறார் என்று கோபப்படாதீர்கள், கடை நடத்த வேண்டும். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்களின் கண்காட்சிகளுக்குப் போய் நாலு மேசையில் காட்டிக் கேட்பது சிறந்த வழி. முதல் மேசையிலேயே விற்காமல் வந்தால் போதும்.

பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ‘உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கிக் கமிஷன் அனுப்புங்கள்’ என்று வரும் அழைப்பு முழுக்க மோசடி. பழைய காசு வாங்கல் விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிக்கை விட்டது. அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்து 1818 என்று கம்பெனிப் பெயருடன் வரும் செம்புக் காசுகளும் இந்த வரிசைதான். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி அதை வைத்துத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் நிலத்தை விற்றார்கள் என்பது காவல் நிலையங்களுக்குத் தெரியும்.

சட்டம் பற்றி இரண்டு செய்தி. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவோ வெளிநாட்டு வாங்குநருக்கு அஞ்சலில் அனுப்பவோ கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அவர் பங்கைக் கொடுத்தனுப்ப நினைத்தால் இதை மனதில் வையுங்கள். காசை இங்கேயே வைத்துக்கொண்டு மதிப்பைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசாக இருந்தால் அது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வரும், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது பெட்டியில் வழிவழியாக இருந்தது, அந்தச் சிக்கல் இல்லை.

பிரித்து முடித்ததும் வைக்கும் விதம். மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், சில வருடத்தில் அதிலிருந்து பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும். பிவிசி இல்லாத உறைகள் நாணயக் கடைகளில் கிடைக்கும், ஒதுக்கி வைத்த நாலைந்துக்கு மட்டும் வாங்கினால் போதும். மற்றவை காய்ந்த பருத்தித் துணியிலேயே கிடக்கட்டும், இவ்வளவு நாள் அதில்தான் இருந்தன. ஒதுக்கியவற்றின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையையும் சேர்த்து எழுதிப் போடுங்கள். 1862இல் புள்ளி இருந்தால் அதை மட்டும் நெருக்கமாக இன்னொரு படம். பார்த்துச் சொல்கிறேன்.